சேறும் சக்கரமும்: சைக்ளோகுறொஸ் பந்தயத்தில் ரயர்த் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தையும் சமூகத்தையும் ஆராயும் ஓர் ஏட்டிலே சைக்கிள் ரயரைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்ற வினா வாசகருக்கு எழக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும், விளையாட்டைச் சமூகவியல் நோக்கில் ஆராயும் மரபு முற்போக்குச் சிந்தனைக்குப் புதியதன்று. மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சிய அறிஞரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட்டைப் பற்றி எழுதிய நூல், குடியேற்ற ஆட்சியையும் வர்க்க உணர்வையும் ஒரு மைதானத்தின் எல்லைக்குள்ளே கண்டு காட்டியது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலான் பார்த் 1957இல் வெளியிட்ட தமது நூலிலே பிரான்சின் சைக்கிள் பந்தயத்தை ஒரு காவியமாக வாசித்தார். இவர்கள் விளையாட்டின் பொருளையும் அதன் கருத்துநிலையையும் ஆராய்ந்தனர். நாம் ஈண்டு அதனினும் தாழ்ந்த படியிலிருந்து, அதாவது கருவியிலிருந்து தொடங்க விரும்புகிறோம். மனிதன் எக்கருவியைக் கொண்டு நிலத்தோடு பொருதுகிறான், அக்கருவியை அவன் எந்நிலைமைகளிலே தெரிவு செய்கிறான் என்பதை விளங்கிக்கொள்ளாமல் அவனது ஆட்டத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பது நமது துணிபு.

1

சைக்ளோகுறொஸ் என்பது மழைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் உரிய ஒரு சைக்கிள் பந்தயம். வயல், காடு, மணற்குன்று, சேற்றுச் சரிவு ஆகியவற்றினூடே 2.5 முதல் 3.5 கிலோமீற்றர் வரையான ஒரு சுற்றுப்பாதை அமைக்கப்படும். உயர்நிலை ஆடவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் அதனைச் சுற்றி வருவர். ஓட்ட முடியாத இடங்களிலே வண்டியைத் தோளிற் சுமந்து ஓடுவர். இதன் தொடக்கம் பிரான்சிலே. 1902இல் அங்கு முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. 1910இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லப்பீஸ் குளிர்காலத்தில் இவ்வகைப் பயிற்சியில் ஈடுபட்டமை இப்பந்தயத்தின் புகழைப் பெருக்கிற்று. 1950இல் பாரிசில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் ஜோன் றொபிக் வெற்றி பெற்றார்.

பிரான்சிலே பிறந்த இவ்விளையாட்டு வேரூன்றி வளர்ந்தது பெல்ஜியத்தின் பிளாண்டர்சுப் பகுதியிலேயாகும். எரிக் டி விளெமிங்க் 1966க்கும் 1973க்கும் இடையில் ஏழு உலகப் பட்டங்களை வென்றார். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் 2025இல் பிரான்சின் லியேவன் நகரில் தமது ஏழாவது பட்டத்தைப் பெற்று அச்சாதனையை எட்டினார். பெண்களுக்கான உலகப் போட்டியோ 2000ஆம் ஆண்டிலேதான் தொடங்கப்பட்டது. முதலாவது ஆடவர் போட்டிக்கும் இதற்குமிடையே சரியாக அரை நூற்றாண்டு கழிந்தமை மனங்கொள்ளத்தக்கது.

2

சாலையிலே ஓடும் ரயருக்கு ஒரே நிலம் உண்டு. சைக்ளோகுறொஸ் ரயருக்கோ ஒரு சுற்றுக்குள்ளேயே பல நிலங்கள். எனவே இங்கே ரயர்த் தெரிவு என்பது முரண்பட்ட தேவைகளுக்கிடையில் ஒரு சமநிலையைக் காண்பதாகும். அத்தேவைகளைத் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, பிடிப்புக்கும் வேகத்துக்கும் இடையிலான முரண்பாடு. ரயரின் மேற்பரப்பிலுள்ள இறப்பர்க் குமிழ்கள் உயரமாகவும் இடைவெளி மிக்கனவாகவும் இருப்பின், அவை சேற்றினுள்ளே புகுந்து பற்றும். சுழலும்போது சேற்றை உதறிவிடும். ஆனால் இறுகிய நிலத்தில் அதே குமிழ்கள் வளைந்து நெளிந்து வலுவை வீணாக்கும். ஆகவே மூவகை ரயர்கள் வழக்கிலுள்ளன. உலர்ந்த நிலத்துக்கும் மணலுக்கும், அரத்தின் முகம்போன்ற நுண்ணிய மேற்பரப்புடையவை; கலப்பு நிலத்துக்கு, நடுவே தாழ்ந்த குமிழ்களும் ஓரங்களிலே உயர்ந்த குமிழ்களும் கொண்டவை; ஆழ்ந்த சேற்றுக்கு, உயர்ந்து தனித்து நிற்கும் குமிழ்களையுடையவை. மணலுக்கு ஏன் குமிழ் வேண்டாம் எனலாம். மணல் பற்றுவதற்கு உறுதியற்றது. குமிழ் அதனைத் தோண்டுமேயன்றிப் பற்றாது. அங்கே தேவைப்படுவது மிதத்தல். கொக்சைட் மணற்குன்றுகளிலே 2012இல் நடந்த உலகப் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் பெல்ஜிய வீரர்களே பெற்றனர். இளமை முதல் அந்நிலத்திலே பயின்றோரின் உடலறிவும் கருவியறிவும் அவ்வெற்றியிலே ஒன்றுகூடின எனலாம்.

முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே பணியைச் செய்வனவல்ல. பின் சக்கரம் வழுக்கினால் உந்துவிசை சிறிது குன்றும். முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் விழுவார். எனவே ஐயம் எழும்போது கூடிய பிடிப்புள்ள ரயரை முன்னுக்கும் கூடிய வேகமுள்ளதைப் பின்னுக்கும் பூட்டுவது அனுபவம் தந்த விதியாகும்.

இரண்டாவது, காற்றமுக்கம் பற்றிய முரண்பாடு. அமுக்கம் குறைந்தால் ரயர் நிலத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப வளைந்து, கூடிய பரப்பிலே நிலத்தைத் தொடும், பிடிப்புக் கூடும், கரடுமுரடான நிலத்தில் உடல் குலுங்குவதும் குறையும். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குறைந்தாலோ கல்லிலும் வேரிலும் றிம் மோதும். திருப்பங்களில் ரயர் பக்கவாட்டிற் சரியும். நடுத்தர எடையுள்ள ஓர் ஓட்டுநர் இறுகிய நிலத்தில் சதுர அங்குலத்துக்கு 26 முதல் 30 இறாத்தல் வரையிலும், சேற்றிலே 20 இறாத்தல் அளவிலும், சிலவேளை அதற்குக் கீழேயும் காற்றை வைத்துக்கொள்வர். பின் சக்கரம் கூடிய பாரத்தைத் தாங்குவதால் அதற்கு ஒன்றிரண்டு இறாத்தல் கூடுதலாக வேண்டும்.

இவ்விடத்திலே ஒரு சிறிய பௌதிகக் கணக்கைக் குறிப்பிடுதல் பயனுடையது. வெப்பமூட்டப்பட்ட வண்டிக்குள்ளே, 20 பாகை செல்சியசில், 20 இறாத்தலுக்குக் காற்றடிக்கப்பட்ட ரயர், 0 பாகைக் குளிரில் வெளியே வைக்கப்பட்டதும் ஏறத்தாழ 17½ இறாத்தலுக்கு இறங்கிவிடும். வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்த முழு அமுக்கமே வெப்பநிலைக்கு ஏற்பச் சுருங்குவதால் இவ்வளவு வேறுபாடு ஏற்படுகிறது. ஒரு இறாத்தல் கூடிக் குறைந்தாலே உணரப்படும் இப்பந்தயத்தில் இரண்டரை இறாத்தல் என்பது வெற்றிக்கும் வீழ்ச்சிக்கும் இடையிலான தூரம். எனவே இறுதி அமுக்கத்தைப் பந்தயம் நடக்கும் குளிரிலேயே, ஒரே அளவுமானியைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். சிறந்த முறை இதுவே: சற்றுக் கூடிய அமுக்கத்தோடு பாதையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது, பின்னர் படிப்படியாகக் குறைப்பது, ஒரு சுற்றில் ஓரிரு இடங்களிலே றிம் நிலத்தைத் தொடுவது உணரப்பட்டதும் சிறிது கூட்டி அங்கே நிறுத்திக்கொள்வது. வேறொருவரின் எண்ணைக் கடன்வாங்குவதால் பயனில்லை. அவரது எடையும் றிம்மும் ஓட்டும் பாங்கும் வேறு.

மூன்றாவது, சக்கரத்தின் பாரமும் உறுதியும். சைக்ளோகுறொஸ் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைந்து மீண்டும் கூட வேண்டும். சுழலும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு கிராம் எடையை வேகப்படுத்துவதற்கு, சட்டத்திலுள்ள ஒரு கிராமுக்குத் தேவைப்படும் சக்தியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தேவை. அது முன்னோக்கியும் செல்கிறது, சுழலவும் செய்கிறது. எனவே காபன் றிம் விரும்பப்படுகிறது. ஆயின் குறைந்த அமுக்கத்திலே கல்லில் மோதும் காபன் றிம் வெடிக்கக்கூடும்; அலுமினிய றிம் நெளிந்தாலும் பெரும்பாலும் அன்றைய பந்தயத்தை முடித்துவைக்கும். 2010இல் உலகச் சைக்கிள் ஒன்றியம் இப்பந்தயத்திலே டிஸ்க் பிறேக்கை அனுமதித்தது. அதன்பின் றிம்மின் பக்கங்கள் சேற்றோடு உரசித் தேய்வது நின்றது. அதேவேளை பழைய சக்கரங்கள் யாவும் புதிய வண்டிகளுக்குப் பொருந்தாதனவாயின. தொழில்நுட்ப முன்னேற்றம் ஒன்று நிகழ்கையில், முன்னைய முதலீடு அழிவதும் உடன் நிகழ்கிறது.

3

இனி ரயர் றிம்மோடு இணைக்கப்படும் முறையை நோக்குவோம். தெரிவின் உண்மையான சிக்கல் இங்கேதான் உள்ளது. மூன்று முறைகள் உள.

முதலாவது, நாம் யாவரும் அறிந்த சாதாரண முறை: கம்பி விளிம்புடைய ரயர், அதனுள்ளே தனி ரியூப். இது மலிவானது, எவராலும் கழற்றிப் பூட்டக்கூடியது. ஆனால் அமுக்கம் குறைந்தால் கல்லுக்கும் றிம்மின் விளிம்புக்கும் இடையில் ரியூப் நசுங்கித் துளைபடும். எனவே 30 இறாத்தலுக்குக் கீழே இறங்குவது ஆபத்தானது.

இரண்டாவது, ரியூபுலர் எனப்படும் முறை. இங்கே ரயரின் உறை ரியூபைச் சுற்றி மூடித் தைக்கப்பட்டு, றிம்மின் மேலே பசையால் ஒட்டப்படுகிறது. றிம்மிலே கூரிய விளிம்பு இல்லாமையால் ரியூப் நசுங்குவது அரிது. மிகக் குறைந்த அமுக்கத்திலும் ஓடலாம். காற்றுப் போனாலும் வண்டி மாற்றும் இடம்வரை மெல்ல ஓட்டிச் செல்லலாம். டூகாஸ்ற் போன்ற சிறு உற்பத்தியாளர் நுண்ணிய பருத்தி நூலாலான உறையையும் இயற்கை இறப்பர்ப் பாலாலான ரியூபையும் கொண்டு, பெரும்பகுதி கைவேலையாகவே இவற்றைச் செய்து வந்தனர். நைலோன் உறையிலே ஓர் அங்குலத்துக்கு 60 முதல் 120 நூல்கள் இருக்க, பருத்தி உறையிலே 300க்கு மேற்பட்ட நூல்கள் இருக்கும். நூல் மெல்லிதாக ஆக உறை இலகுவாக வளையும். வளையும்போது இழக்கப்படும் சக்தியும் குறையும். ஆனால் பருத்தி ஈரத்தில் உளுத்துப்போகும். ஆதலால் பக்கங்களுக்கு நீர்புகாப் பூச்சுப் பூசி, பந்தயந்தோறும் கழுவி உலர்த்திப் பேணல் வேண்டும்.

ஒட்டுவதும் எளிய வேலையன்று. றிம்மிலும் ரயரின் அடிப்பட்டியிலும் பசையை மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையும் உலர விட்டு, ஈற்றிலே பூட்டி, ஒரு நாளேனும் ஆறவிட வேண்டும். குறைந்த அமுக்கத்தில் ரயர் பக்கவாட்டில் இழுபடுவதாலும் சேற்றுநீர் ஊறுவதாலும் ஒட்டு நாளடைவில் இளகும். சரிவான பாதையில் ரயர் கழன்றால் விழுபவர் ஓட்டுநரே. வெற்றிமேடையிலே காணப்படாத மெக்கானிக் ஒருவரின் பல நாள் உழைப்பு அந்த ஒட்டினுள்ளே மறைந்து கிடக்கிறது.

மூன்றாவது, ரியூப் இல்லாத முறை. ரயர் காற்றுப் புகாவண்ணம் றிம்மின் விளிம்போடு இறுகிப் பொருந்த, உள்ளே ஊற்றப்பட்ட திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். முள்ளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நசுங்குவதற்கு ரியூபும் இல்லை. ஆனால் மிகக் குறைந்த அமுக்கத்திலே திருப்பத்தில் ரயர் பக்கவாட்டில் அழுத்தப்படும்போது, விளிம்பு கணப்பொழுது விலகிக் காற்று வெளியேறலாம். எனவே ரியூபுலரிலும் பார்க்க ஒன்று முதல் மூன்று இறாத்தல் கூடுதலாக வைப்பது பாதுகாப்பானது.

இதுவரை கூறியவை தொழில்நுட்ப வேறுபாடுகள். ஆனால் அவற்றின் பொருளியல் விளைவு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ரியூபுலர் றிம்மோடு ஒட்டப்பட்டிருப்பதால், ரயரை மாற்றுவது என்பது சக்கரத்தையே மாற்றுவதாகும். மூவகை நிலத்துக்கும் ஆயத்தமாக இருக்க விரும்புபவர் மூன்று சோடிச் சக்கரங்களை வைத்திருக்க வேண்டும். சேறான நாளிலே வீரர் அரைச் சுற்றுக்கு ஒருமுறைகூட வண்டியை மாற்றுவார். அவர் ஒரு வண்டியை ஓட்டும்போது மற்றையதை உதவியாளர் நீர் பீய்ச்சிக் கழுவுவர். ஆகவே குறைந்தது இரு வண்டிகள். மூவகை ரயருக்குமாக ஆறு சோடிச் சக்கரங்கள். இது தொழில்முறை அணியொன்றுக்குச் சாதாரணம். வார இறுதியில் மட்டும் பந்தயத்துக்கு வரும் ஒரு தொழிலாளிக்கோ மாணவிக்கோ இது எட்டாத தொகை. ரியூப் இல்லாத முறையிலோ ஒரே சோடிச் சக்கரத்தில் முதல்நாள் இரவு ரயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எனவே ‘எது சிறந்தது’ என்ற வினாவுக்கு, ‘எவருக்கு’ என்ற எதிர்வினாவைக் கேளாமல் விடைகூற முடியாது.

4

உலகச் சைக்கிள் ஒன்றியம் இப்பந்தயத்துக்குரிய ரயரின் அகலத்தை 33 மில்லிமீற்றராக வரையறுத்துள்ளது. ஆணிகளையும் முட்களையும் தடைசெய்துள்ளது. தொடங்குமிடத்திலே அதிகாரிகள் அளவுக் கருவியால் ரயரைச் சோதிப்பர். அகலம் றிம்மின் அகலத்தையும் பொறுத்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 33 எனப் பொறிக்கப்பட்ட ரயர், உள்ளகலம் கூடிய றிம்மிலே பூட்டப்பட்டால் விரிந்து எல்லையைக் கடக்கக்கூடும். எனவே ரயரையும் றிம்மையும் ஒருசேரவே தெரிவு செய்தல் வேண்டும். பல நாடுகளிலே கீழ்நிலைப் போட்டிகளில் இவ்விதி கட்டாயமாக்கப்படவில்லை. அங்கு 35 அல்லது 38 மில்லிமீற்றர் ரயர் புதியவருக்குப் பெரிதும் உதவும்.

இவ்விதி பந்தயத்தைச் சமப்படுத்துகிறது என்பது பொதுவான கருத்து. அதில் உண்மை உண்டு. அகலமான ரயரை அனுமதித்தால் சேற்றின் கடுமை குறையும். திறமைக்குரிய இடம் சுருங்கும். ஆனால் அவ்விதி அகலத்தை அளக்கிறதேயன்றிச் சோடிகளின் எண்ணிக்கையை அளப்பதில்லை. ஒருவர் ஆறு சோடியோடும் மற்றவர் ஒரு சோடியோடும் ஒரே கோட்டிலே நிற்கும்போது, அளவுக் கருவி இருவரையும் சமமானவர் என்றே கூறும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் முதலாளித்துவ நியாயத்தின் இயல்பை இச்சிறு கருவி தெளிவாகக் காட்டுகிறது: அது பொய் சொல்வதில்லை, தான் அளப்பதை மட்டுமே உண்மை என்கிறது. எனினும் இதனைக் கொண்டு விதியே பயனற்றது என முடிவுகட்டுவது தவறு. விதி இல்லாவிடின் செல்வத்தின் ஆதிக்கம் இன்னும் கூடும். குறைந்தபட்சச் சமத்துவத்தைக் காத்துக்கொண்டு, அதன் போதாமையைச் சுட்டிக்காட்டுவதே முற்போக்காளர் கடமையாகும்.

5

ரயரைப் பற்றிய பேச்சு இறப்பரைப் பற்றிய பேச்சாகாமல் முடியாது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லப் காற்றடித்த ரயரை உருவாக்கியபின், சைக்கிளும் அதனைத் தொடர்ந்து மோட்டார் வண்டியும் இறப்பருக்கு அடங்காத் தேவையை ஏற்படுத்தின. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லெயோபோல்ட் 1885 முதல் 1908 வரை தமது தனியுடைமையாக ஆண்ட கொங்கோவில், காட்டு இறப்பரைத் திரட்டுவதற்காக மக்கள்மேல் இழைக்கப்பட்ட கொடுமைகளை 1904இல் றொஜர் கேஸ்மன்ற் தமது அறிக்கையிலே வெளிப்படுத்தினார். அக்காலப் பிளாண்டர்சின் உழவரும் ஆலைத் தொழிலாளரும் அந்த இலாபத்தின் உடைமையாளரல்லர். வறுமையிலிருந்து வெளியேறச் சைக்கிளை ஒரு வழியாகக் கண்ட மக்கள் அவர்கள். எனினும் அவர்களது சக்கரமும் கொங்கோ மக்களின் துயரமும் ஒரே உலகச் சந்தையால் பிணைக்கப்பட்டிருந்தன.

அச்சந்தையின் மறுமுனையிலே நமது நாடும் உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. அதிலிருந்து பெருகிய தோட்டங்களிலே, களுத்துறையிலும் கேகாலையிலும் மலாயாவிலும், விடியுமுன் எழுந்து பால் வெட்டியோருள் நமது மொழி பேசும் தொழிலாளர் பெருந்தொகையினர். இறப்பர்ப் பாலாலான ரியூபைச் சிறப்பித்துக் கூறும் விற்பனைக் குறிப்புகளிலே அவர்களுக்கு இடமில்லை. பொருளைப் பற்றிய விளக்கம், அப்பொருளை ஆக்கியோரைப் பற்றியும் பேசும்போதே முழுமை பெறும்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நடைமுறைக்குச் சில முடிவுகளைக் கூறலாம். ஒரு சோடிச் சக்கரம் மட்டுமே உடையவர், ரியூப் இல்லாத முறைக்கேற்ற அலுமினிய றிம்மையும் கலப்பு நிலத்துக்குரிய ரயரையும் தெரிவு செய்வதே தக்கது. இரண்டாவதாக ஒரு ரயரை வாங்க வசதி ஏற்படின், அது முன் சக்கரத்துக்கான சேற்று ரயராக இருக்கட்டும். இரண்டாவது சோடி கிட்டுமாயின் சேற்றுக்கென அதனை ஒதுக்கலாம். ரியூபுலரை, அதனை ஒட்டவும் பேணவும் நேரமும் கைத்திறனும் உடையவர் மட்டுமே நாடுதல் நன்று. ஏனெனில் அதன் விலையில் பெரும்பகுதி பணமாகவன்றி உழைப்பாகவே செலுத்தப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பத்தகுந்த ஓர் அளவுமானியை வாங்குவதே முதற் செலவாக அமைய வேண்டும். விலையுயர்ந்த ரயர் பிழையான அமுக்கத்தில் ஓடுவதிலும் பார்க்க, மலிவான ரயர் சரியான அமுக்கத்தில் ஓடுவது மேல். பணம் குறைந்தவருக்கும் திறந்திருக்கும் வழி இதுவே.

சாலைப் பந்தயத்திலே ரியூபுலர் 2020களின் தொடக்கத்தில் பெரும்பாலும் கைவிடப்பட்டு வந்தது. அந்தக் கைவினை நெடுங்காலம் நிலைத்து நின்ற இடம் சைக்ளோகுறொஸ் பாதையே. அதன் மறைவை வெறும் ஏக்கத்தோடு நோக்குவதும், புதியது யாவும் மேன்மையானது எனக் கொண்டாடுவதும் ஒருதலைப்பட்சமானவை. ஒரு கைவினை குன்றும்போது ஓர் அறிவு மறைகிறது; அதேவேளை ஒரு சோடிச் சக்கரத்தோடு வருபவருக்கும் தொடக்கக் கோட்டிலே இடம் கிடைக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு. ஓட்டுநர் தம் நிலத்தை அறிந்து, தம் கருவியின் எல்லையை அறிந்து, தமக்கு எட்டக்கூடியதைத் தெரிவு செய்கிறார். அத்தெரிவின் எல்லைகளை வகுத்தவை எவை என்று கேட்பது ஆய்வாளரின் பணியாகும்.